சிலிக்கன் நைட்ரைடு ரிங் சென்சாரில் ஓக்ராடாக்சின்: ஆன்டிபாடி தெரிகிறது, நச்சு தெரியவில்லை

கிளமெண்டி_ரவி:

எல்லோருக்கும் வணக்கம். வறுத்த கோப்பிக்கொட்டையில் ஓக்ராடாக்சின் ஏ என்ற பூஞ்சை நச்சு இருக்கிறதா என்று பார்க்க ஓர் ஒளி அலைவழி சென்சார் அமைக்கிறோம். பலதுறைத் தொழிற்கல்லூரி இறுதியாண்டுத் திட்டம். ஐரோப்பிய ஒன்றியம் வறுத்த கோப்பிக்கு வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு 3 மைக்ரோகிராம். அந்த அளவை "உண்டு, இல்லை" என்று சொல்ல முடிந்தால் போதும்.

அமைப்பு இதுதான். சிப்பில் நான்கு சிலிக்கன் நைட்ரைடு ரிங் (ஒளி சுற்றும் வளைய அலைவழி; மேலே ஏதாவது ஒட்டினால் அதன் ஒத்ததிர்வு அலைநீளம் நகரும்), ஆரம் 100 மைக்ரோமீட்டர், 1550 நானோமீட்டர் பக்கம் வேலை செய்யும் ட்யூனபிள் லேசர். தண்ணீரில் கியூ மதிப்பு (ஒத்ததிர்வு எவ்வளவு கூர்மை என்பதன் அளவு) 20,000 சுற்றி. உப்புக் கரைசல்களை ஓட்டிப் பார்த்ததில் ஒளிவிலகல் எண் ஒன்றுக்கு ஏறத்தாழ 100 நானோமீட்டர் நகர்வு. மேற்பரப்பில் ஏப்டெஸ் (அமீன் முனை உள்ள சிலேன்), அதன் மேல் இணைப்பானாகக் குளூட்டரால்டிஹைடு, அதன் மேல் ஓக்ராடாக்சினுக்கான மோனோக்ளோனல் ஆன்டிபாடி, மிச்ச இடத்தை பிஎஸ்ஏ (மாட்டு ஆல்புமின் புரதம்) கொண்டு அடைத்திருக்கிறோம். ஓட்டத் தடம் பிடிஎம்எஸ் (சிலிக்கோன் ரப்பர்), அகலம் 500, உயரம் 100 மைக்ரோமீட்டர், நிமிடத்துக்கு 20 மைக்ரோலிட்டர்.

ஆன்டிபாடி ஒட்டும்போது 450 பிகோமீட்டர் அளவுக்கு அழகான வளைவு வருகிறது. ஆனால் 100 நானோமோலார் ஓக்ராடாக்சினை விட்டால் சட்டென்று 20 பிகோமீட்டர் குதிக்கிறது, பஃபர் விட்டதும் அப்படியே இறங்கிவிடுகிறது. நச்சு இல்லாமல் மெத்தனால் மட்டும் கலந்த பஃபரிலும் அதே குதி. ஸ்டாக் மெத்தனாலில் இருக்கிறது, 100 மடங்கு நீர்த்து விடுகிறோம். இதற்கு மேல் பேஸ்லைன் (பஃபர் மட்டும் ஓடும்போது நிலையாக நிற்க வேண்டிய கோடு) நிமிடத்துக்கு 2, 3 பிகோமீட்டர் நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஏர்கான் கம்ப்ரஸர் ஓடி நிற்கும் தாளத்துக்கு ஓர் அலையும் தெரிகிறது.

கேள்வி: ஆன்டிபாடி செத்துவிட்டதா, அல்லது இந்த முறையிலேயே இது தெரியாதா? ரிங்கை மாற்ற வேண்டுமா?

---

ஒளிவழி_செல்வி:

ரவி, ஆன்டிபாடி நன்றாகவே இருக்கலாம். ரிங்கையும் மாற்ற வேண்டாம். மாற்ற வேண்டியது சோதனை முறையை. ஏன் என்று கணக்கோடு பார்த்துவிடுவோம், அப்போதுதான் அடுத்து எதில் கை வைப்பது என்று தெளிவாகும்.

சிலிக்கன் நைட்ரைடு அலைவழியிலிருந்து வெளியே கசியும் எவனெசென்ட் ஒளிப்புலம் மேற்பரப்பிலிருந்து 150 நானோமீட்டர் அளவில் தேய்ந்துவிடும். புரதத்துக்கு ஒரு மில்லிலிட்டரில் ஒரு கிராம் என்ற செறிவுக்கு ஒளிவிலகல் எண் 0.18 கூடும். இரண்டையும் சேர்த்தால் உங்கள் ரிங்கில் சதுர மில்லிமீட்டருக்கு 1 நானோகிராம் ஒட்டினால் 240 பிகோமீட்டர் அளவுக்கு நகர வேண்டும். நீங்கள் பார்த்த 450 பிகோமீட்டர், கிட்டத்தட்ட 2 நானோகிராம் ஆன்டிபாடி. ஒற்றை அடுக்குக்கு நியாயமான எண்தான்.

இப்போது நச்சுக்கு வருவோம். 2 நானோகிராம் ஆன்டிபாடியை 150 கிலோடால்டனால் வகுத்தால் 13 ஃபெம்டோமோல். ஒன்றுக்கு நச்சைப் பிடிக்கும் கை இரண்டு, ஆக 26. தாறுமாறாக ஒட்டியதில் வேலை செய்யும் கைகள் நாற்பது சதவீதம் என்று வைத்தால் 10 ஃபெம்டோமோல். ஓக்ராடாக்சினின் மூலக்கூறு எடை 404. எல்லாக் கையும் நிரம்பினாலும் சதுர மில்லிமீட்டருக்கு 4 பிகோகிராம்தான். ரிங்கில் அது 1 பிகோமீட்டர் நகர்வு. உச்சபட்சமே அவ்வளவு.

அந்த 1 பிகோமீட்டரை எது எது விழுங்கும் என்று பாருங்கள். நைட்ரைடு ரிங் ஒரு டிகிரிக்கு 20 பிகோமீட்டர் அளவில் நகரும், ஆக 0.05 டிகிரி மாறினாலே போதும். பஃபரில் உப்பு 1 மில்லிமோலார் கூடினால் ஒளிவிலகல் எண் 0.00001 கூடும், அதுவும் 1 பிகோமீட்டர். மெத்தனால் 1 சதவீதம் கலந்தால் 20 பிகோமீட்டருக்கு அருகே. நீங்கள் பார்த்த குதி அதுவேதான், முழுக்க முழுக்கக் கரைப்பான். டிஎம்எஸ்ஓ கரைப்பானைப் பயன்படுத்தியிருந்தால் இன்னும் மோசம்: 0.1 சதவீத வித்தியாசமே 10 பிகோமீட்டரைத் தாண்டும்.

சிறிய மூலக்கூறை நேரடியாகப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் தடித்த டெக்ஸ்ட்ரான் அடுக்கு, சில மில்லிகெல்வினுக்குள் நிற்கும் வெப்பக் கட்டுப்பாடு, கரைப்பானுக்கான திருத்த வளைவு எல்லாம் உண்டு. கோப்பிக்கொட்டைக்கு அது வீண்.

செய்ய வேண்டியது தடுப்புப் போட்டி முறை. நச்சை ஒரு புரதத்தில் கோத்து அந்தப் புரதத்தைச் சிப்பில் ஒட்டுங்கள். மாதிரியில் தெரிந்த அளவு ஆன்டிபாடியைக் கலந்து பத்து நிமிடம் விட்டு ஓட்டுங்கள். மாதிரியில் நச்சு இல்லையென்றால் ஆன்டிபாடி முழுக்கச் சிப்பில் வந்து ஒட்டும். நச்சு இருந்தால் கை நிரம்பியவை ஒட்டாமல் போய்விடும். சிக்னலைத் தருவது 404 டால்டன் அல்ல, 1,50,000 டால்டன். 370 மடங்கு எடை. ரிங்கில் ஒரு திருகுகூடத் தொடாமல் இந்த லாபம் கிடைக்கிறது.

எவ்வளவு சிக்னல் எதிர்பார்க்கலாம்? உங்கள் தடத்தில் நிமிடத்துக்கு 20 மைக்ரோலிட்டர் ஓட்டத்தில், 5 நானோமோலார் ஆன்டிபாடி வந்து சேரும் வேகம் அதிகபட்சம் நிமிடத்துக்கு 0.3 நானோகிராம். அதாவது 75 பிகோமீட்டர். நடைமுறையில் பாதி கிடைத்தாலும் மூன்று நிமிடத்தில் 100 பிகோமீட்டருக்கு மேல் வரும். 1 பிகோமீட்டரைத் தேடுவதோடு ஒப்பிட்டால் இதில் வேலை செய்வது நிம்மதி.

முடிவை எட்டும்வரை காத்திருக்காமல் சரிவைப் படியுங்கள். ஊசி போட்ட 30-ஆவது விநாடி முதல் 150-ஆவது விநாடி வரையிலான நேர்கோட்டின் சரிவு. கரைப்பான் குதி முதல் சில விநாடிகளில் முடிந்துவிடும், சரிவில் அது சேராது.

---

தேக்கா_கெமிஸ்ட்:

செல்வி சொன்ன முறைக்கு நானும் ஆமாம். ஆனால் உங்கள் பேஸ்லைன் நகர்வு முறையை மாற்றினால் மட்டும் போகாது ரவி. அது மேற்பரப்பிலிருந்து வருகிறது. இரண்டு இடங்களில் சந்தேகம்.

முதலாவது ஏப்டெஸ். இங்கே சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் வெளியே 80 சதவீதத்துக்கு மேல். ஏர்கான் ஆய்வகத்திலும் 60-ஐ எளிதில் தாண்டும். திறந்த பீக்கரில் ஏப்டெஸ் கரைசல் வைத்தால் அது சிப்பில் ஒட்டுவதற்கு முன் தனக்குள்ளேயே கோத்துக் கட்டியாகும். அந்தக் கட்டிகள் மேற்பரப்பில் படிந்து, பிறகு பஃபரில் மெதுவாகக் கரைந்து போகும். அதைத்தான் பேஸ்லைன் சரிவாகப் பார்க்கிறீர்கள். அதிலும் ஏப்டெஸ்ஸின் அமீன் முனையே சிலாக்சேன் பிணைப்பை நீர் அறுக்கத் துணை செய்யும்.

செய்முறை: சிப்பை அசிட்டோன், ஐசோப்ரொப்பனால், தண்ணீர் என்று கழுவி நைட்ரஜனில் உலர்த்துங்கள். ஆக்சிஜன் பிளாஸ்மா 2 நிமிடம், இல்லையென்றால் யூவி-ஓசோன் 20 நிமிடம். பிரான்ஹா (சல்ஃபியூரிக் அமிலம், ஹைட்ரஜன் பெராக்சைடு கலவை) வேண்டாம், ஆபத்துக்கு ஏற்ற பலன் இல்லை. பிளாஸ்மாவிலிருந்து எடுத்ததும் தாமதிக்காமல் 1 சதவீத ஏப்டெஸ் கலந்த உலர் டொலுயீனில், நைட்ரஜன் நிரப்பிய கிளவ் பையில், 10 நிமிடம். டொலுயீனில் இரண்டு முறை, எத்தனாலில் ஒரு முறை அலசி, 110 டிகிரியில் 30 நிமிடம் சுடுங்கள். ஏப்டெஸ் பாட்டில் திறந்து பல மாதம் ஆகியிருந்தால் அதைப் புரதச் சிப்புக்குப் பயன்படுத்தாதீர்கள். செப்டம் மூடி உள்ள சிறு பாட்டில் வாங்கி ஊசியால் எடுப்பது நல்லது.

கூடவே ஒரு துண்டு வெற்றுச் சிலிக்கனையும் அதே கரைசலில் போடுங்கள். எலிப்சோமீட்டரில் (மெல்லிய படலத்தின் தடிமனை அளக்கும் கருவி) அளந்தால் ஒற்றை அடுக்கு 0.6 முதல் 0.8 நானோமீட்டர் காட்டும். 2-ஐத் தாண்டினால் கட்டி படிந்திருக்கிறது, சிப்பை மேலே கொண்டுபோகாதீர்கள். ஒரே ஓர் எத்தாக்சி கை உள்ள அமினோ சிலேன் கிடைத்தால் இன்னும் பாதுகாப்பு. அது தனக்குள் வலைபோலக் கோத்துக்கொள்ள முடியாது.

இரண்டாவது சந்தேகம், குளூட்டரால்டிஹைடுக்குப் பிறகு. ஆல்டிஹைடும் அமீனும் சேர்ந்து உண்டாகும் ஷிஃப் பிணைப்பு மீளக்கூடியது. நீங்கள் அதை ஒடுக்கி நிலைப்படுத்தியதாக எழுதவில்லை. ஒடுக்காவிட்டால் புரதம் மெதுவாகக் கழன்றுகொண்டே இருக்கும், ஒட்டிய ஆன்டிபாடியை அமிலத்தால் கழற்றிச் சிப்பை மீளுருவாக்கம் செய்யும்போது இன்னும் வேகமாக. 2.5 சதவீதக் குளூட்டரால்டிஹைடு 30 நிமிடம், நன்றாக அலசல், பிறகு புரதம் 100 மைக்ரோகிராம் ஒரு மில்லிலிட்டருக்கு, பிஎச் 7.4, 2 மணி நேரம். அதன் பிறகு 50 மில்லிமோலார் சோடியம் சயனோபோரோஹைட்ரைடு 30 நிமிடம். கடைசியாக 1 மோலார் எத்தனாலமீன், பிஎச் 8.5, 15 நிமிடம்.

சயனோபோரோஹைட்ரைடு அமிலத்தைத் தொட்டால் ஹைட்ரஜன் சயனைடு வாயு வரும். ஃபியூம் ஹூடுக்குள் மட்டும். கழிவை அமிலக் கழிவுக் கேனில் ஊற்றவே கூடாது. தடத்தில் கிளைசின் அமிலம் விடுவதற்கு முன் பஃபரால் நிறைய அலசியாக வேண்டும்.

புதுச் சிப்பை இரவு முழுக்கப் பஃபரில் ஊறவிட்டு மறுநாள் ஓட்டுங்கள். போக வேண்டியது அந்த இரவிலேயே போய்விடும்.

நச்சைக் கோக்கும் புரதம் பற்றியும் ஒரு வார்த்தை. ஆன்டிபாடி எந்தப் புரதக் கோவையை (நச்சு கோத்த புரதத்தை) கொண்டு விலங்கில் உண்டாக்கப்பட்டது என்று விற்பனையாளரின் தாளில் பாருங்கள். பாலிக்ளோனலாக (பல வகை ஆன்டிபாடிகளின் கலவையாக) இருந்து பிஎஸ்ஏ கோவையால் உண்டாகியிருந்தால், சிப்பில் உள்ள பிஎஸ்ஏவையே ஆன்டிபாடி பிடிக்கும், நச்சு எவ்வளவு இருந்தாலும் சிக்னல் குறையாது. சிப்பில் ஓவால்புமின் (முட்டைப் புரதம்) கோவை போட்டால் அந்தத் தொல்லை இல்லை. மோனோக்ளோனல் என்பதால் உங்களுக்கு இது பெரிய கவலை இல்லை, இருந்தாலும் பிஎஸ்ஏ மட்டும் பூசிய ரிங்கில் ஆன்டிபாடியை ஓட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

---

கிளமெண்டி_ரவி:

செல்வி அக்கா, கெமிஸ்ட் அண்ணா, இரண்டு பேருக்கும் நன்றி. ஷிஃப் பிணைப்பை ஒடுக்கும் படி எங்கள் செய்முறையில் இல்லை, சேர்த்துக்கொள்கிறோம்.

இன்னும் இரண்டு சந்தேகம். ஆன்டிபாடியை ஏன் 5 நானோமோலார் என்று எடுத்தீர்கள்? 50 போட்டால் சிக்னல் இன்னும் பெரிதாக இருக்குமே? அடுத்தது, கோப்பிக்கொட்டையிலிருந்து நச்சைப் பிரித்துச் சிப்புக்குக் கொண்டுவருவது எப்படி? நாங்கள் வாங்கியது கோப்பிக்கடைகளுக்குப் போகும், சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்து வறுத்த கொட்டை.

---

ஒளிவழி_செல்வி:

முதல் கேள்விக்கு நான். ஆன்டிபாடி கூடினால் சிக்னல் பெரிதாகும், ஆனால் அதைத் தடுக்க நச்சும் அதே அளவு கூட வேண்டும். பிணைப்பு வலுவாக, அதாவது கேடி (பாதிக் கைகள் நிரம்பும் செறிவு) 1 நானோமோலாருக்குக் கீழே இருக்கும் ஆன்டிபாடியில், நச்சு ஒவ்வொன்றும் ஒரு கையை எடுத்துக்கொள்ளும் என்று வைக்கலாம். 5 நானோமோலார் ஆன்டிபாடி என்றால் 10 நானோமோலார் கை. சிக்னல் பாதியாக 5 நானோமோலார் நச்சு போதும் என்று தோன்றும். போதாது, ஏனென்றால் ஒரு கை நிரம்பிய ஆன்டிபாடி மறு கையால் சிப்பைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு கையும் நிரம்பினால்தான் அது விலகும். கைகள் நிரம்பிய பங்கின் வர்க்கம் பாதியாக வேண்டும், அந்தப் பங்கு 0.71. ஆக ஐசி50 (சிக்னலைப் பாதியாக்கும் நச்சுச் செறிவு) ஏறத்தாழ 7 நானோமோலார். 50 நானோமோலார் போட்டால் அது 70-க்குப் போய்விடும்.

1 நானோமோலாருக்கு இறக்கினால் ஐசி50 1.4-க்கு வரும், சரிவு ஐந்தில் ஒரு பங்காகும். உங்கள் இரைச்சல் 0.3 பிகோமீட்டருக்குள் இருந்தால் அதுவும் சாத்தியம். ஆனால் முதலில் 5-இல் நிலைநிறுத்துங்கள். மாதிரித் தயாரிப்பு எந்தச் செறிவில் முடிகிறது என்பதைப் பொறுத்துப் பிறகு இறக்கலாம்.

இந்த முறை சரியாக நடக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஓட்டத்தை 20-இலிருந்து 160 மைக்ரோலிட்டருக்கு உயர்த்திப் பாருங்கள். எட்டு மடங்கு ஓட்டத்துக்குச் சரிவு இரண்டு மடங்கானால், ஆன்டிபாடி வந்து சேரும் வேகம்தான் சரிவைத் தீர்மானிக்கிறது. அதாவது சிப்பில் நச்சுக்கோவை தாராளமாக இருக்கிறது, சரிவு தனி ஆன்டிபாடியின் செறிவுக்கு நேர்விகிதம். சரிவு கொஞ்சமும் மாறவில்லையென்றால் சிப்பில் கோவை குறைவு, கெமிஸ்ட் சொன்ன பூச்சைத் திரும்பச் செய்ய வேண்டும்.

---

உணவாய்வு_மணி:

இரண்டாவது கேள்விக்கு நான் எழுதுகிறேன். கோப்பிக்கடைக் கொட்டை என்பதால் வழக்கமான செய்முறையில் ஒன்றிரண்டு மாற்றம் வேண்டும்.

கொட்டையை நன்றாகப் பொடியுங்கள். நச்சு எல்லாக் கொட்டையிலும் சீராக இருக்காது, சில கொட்டையில் மட்டும் திரண்டிருக்கும். அதனால் 5 கிராமை நேரடியாக எடுக்காமல், குறைந்தது அரைக் கிலோவைப் பொடித்துக் கலந்து அதிலிருந்து 5 கிராம் எடுங்கள். எண்களில் வரும் பெரும் சிதறலுக்குச் சென்சாரைவிட இந்த இடமே பெரும்பாலும் காரணம்.

5 கிராம் பொடிக்கு 50 மில்லிலிட்டர், பாதி மெத்தனால், பாதி 3 சதவீதச் சோடியம் பைகார்பனேட். 30 நிமிடம் குலுக்குங்கள். நச்சில் கார்பாக்சில் அமிலத் தொகுதி இருப்பதால் காரத்தில் அயனியாகி நீர்ப்பக்கம் வரும். மார்ஜரின் கொழுப்பு இந்தக் கலவையில் அதிகம் கரையாமல் மிதக்கும். 4 டிகிரியில் சென்ட்ரிஃபியூஜ் செய்தால் மேலே உறைந்து நிற்கும், அடியில் தெளிந்ததைப் பிப்பெட்டால் எடுத்துக் கண்ணாடி இழை வடிதாளில் வடிகட்டுங்கள். இதை விட்டுவிட்டால் அடுத்து வரும் பத்தி (பிரிப்புக் குழாய்) கொழுப்பால் அடைத்துக்கொள்ளும்.

வடிநீரை அப்படியே சிப்பில் விட முடியாது. கணக்கைப் பாருங்கள்: கிலோவுக்கு 3 மைக்ரோகிராம் என்றால் வடிநீரில் மில்லிலிட்டருக்கு 0.3 நானோகிராம், 0.74 நானோமோலார். மெத்தனாலைக் குறைக்க பத்து மடங்கு நீர்த்தால் 0.07. செல்வி சொன்ன 7-க்கு நூறு மடங்கு கீழே. அதோடு வறுவலில் உண்டாகும் பழுப்பு மெலனாய்டின்கள் எல்லா மேற்பரப்பிலும் ஒட்டும்.

அதனால் இம்யூனோஅஃபினிட்டி பத்தி, அதாவது நச்சைப் பிடிக்கும் ஆன்டிபாடி நிரப்பிய குழாய், வேண்டும். 10 மில்லிலிட்டர் வடிநீரை, 0.1 சதவீத ட்வீன்-20 சேர்த்த பிபிஎஸ் பஃபரால் 100 மில்லிலிட்டருக்கு நீர்த்துங்கள். மெத்தனால் 5 சதவீதத்துக்கு வந்துவிடும், பத்தியில் உள்ள ஆன்டிபாடி அதைத் தாங்கும். நிமிடத்துக்கு 2 மில்லிலிட்டருக்கு மேல் இழுக்காதீர்கள். அவசரப்பட்டால் நச்சு பிடிபடாமல் கீழே போகும். 20 மில்லிலிட்டர் தண்ணீரில் கழுவி, காற்றுத் தள்ளி, 2 மில்லிலிட்டர் மெத்தனாலில் இறக்குங்கள். மெத்தனால் பத்திக்குள் மூன்று நிமிடம் நின்ற பிறகு இறக்கினால் மீட்பு கூடும். 40 டிகிரியில் நைட்ரஜன் ஊதி உலர்த்தி, முதலில் 10 மைக்ரோலிட்டர் மெத்தனாலில் கரைத்து, ஓட்டப் பஃபரால் 1 மில்லிலிட்டர் ஆக்குங்கள்.

10 மில்லிலிட்டர் வடிநீர் என்பது 1 கிராம் கோப்பி. வரம்பில் உள்ள மாதிரியில் 3 நானோகிராம் நச்சு, 1 மில்லிலிட்டரில் 7.4 நானோமோலார். இதில் 9 பங்கு எடுத்து 50 நானோமோலார் ஆன்டிபாடி 1 பங்கு சேர்த்தால் நச்சு 6.7, ஆன்டிபாடி 5. வரம்பு உங்கள் அளவு வளைவின் நடுவில், அது மிகச் செங்குத்தாக இறங்கும் இடத்தில் விழுகிறது. "உண்டு, இல்லை" சொல்ல அதைவிட நல்ல இடம் கிடையாது.

ஓட்டப் பஃபரிலும் 1 சதவீத மெத்தனால் சேர்த்துவிடுங்கள், மாதிரிக்கும் பஃபருக்கும் குதி இருக்காது.

அளவுத் தரங்களைச் சுத்தப் பஃபரில் செய்யாமல், நச்சில்லாத கோப்பியை இதே பத்தியில் ஓட்டி வந்த கரைசலில் செய்யுங்கள். 0, 1, 2, 4, 7, 12, 25 நானோமோலார் போதும். நான்கு அளவுரு வளைவில் பொருத்தி, சிக்னல் 20 முதல் 80 சதவீதம் தடைபடும் பகுதியை மட்டும் நம்புங்கள். ஸ்டாக் கரைசலின் செறிவை லேபிளை நம்பி எடுக்காதீர்கள். டொலுயீன் 99, அசிட்டிக் அமிலம் 1 என்ற கலவையில் 333 நானோமீட்டரில் உறிஞ்சலை அளந்து 5440 என்ற குணகத்தால் வகுத்தால் மோலார் செறிவு வந்துவிடும்.

இன்னொன்று, வறுத்த கோப்பிக்கே உரியது. வறுக்கும் சூட்டில் ஓக்ராடாக்சினின் ஒரு பகுதி 2'-ஆர் என்ற மாற்று வடிவமாக, ஃபீனைல்அலனின் பக்கத்தில் மட்டும் திரும்பிவிடும். பச்சைக் கொட்டையில் இது இருக்காது. உங்கள் ஆன்டிபாடி இதை எவ்வளவு பிடிக்கிறது என்பது விற்பனையாளர் தாளில் பெரும்பாலும் இருக்காது. எல்சி-எம்எஸ் (திரவ நிறப்பிரிகையும் நிறை நிறமாலையும் சேர்ந்த உறுதிச் சோதனை) முடிவோடு ஒப்பிடும்போது வித்தியாசம் வந்தால் இதையும் நினைவில் வையுங்கள். குளோரின் இல்லாத ஓக்ராடாக்சின் பி-யோடு குறுக்குப் பிணைப்பு எவ்வளவு என்பதையும் பாருங்கள்.

சர்க்கரை சேர்த்து வறுத்த பொடியில் கிலோ என்பது சர்க்கரையும் சேர்ந்த கிலோ. வரம்போடு ஒப்பிட்டு அறிக்கை எழுதும்போது இதைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

பாதுகாப்பு: இது புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பான ஐஏஆர்சி 2பி பிரிவில் வைத்திருக்கிறது. உலர்ந்த தூளைத் திறந்து எடைபோட வேண்டாம், கரைசலாகவே வாங்குங்கள். கையுறை, பழுப்புக் கண்ணாடிக் குப்பி. சிந்தினால் சோடியம் ஹைப்போகுளோரைட்டால் துடையுங்கள். ஆனால் அந்த ஹைப்போகுளோரைட் கிளைசின் அமிலக் கழிவோடு சேரக் கூடாது.

---

பூன்லே_சுந்தர்:

இவ்வளவு சுற்றி வருவதற்குப் பதில் அப்டமர் (ஒரு பொருளைப் பிடிக்கும் குறு டிஎன்ஏ இழை) போடலாமே? ஓக்ராடாக்சினுக்கு 36 பேஸ் நீளத்தில் ஒன்று 2008-இலேயே வந்துவிட்டது. நச்சு வந்ததும் ஜி-குவாட்ருப்ளெக்ஸ் என்ற வடிவத்துக்கு மடங்கும், அந்த வடிவ மாற்றமே சிக்னல் தரும். விலையும் குறைவு, அமிலத்தாலும் கெடாது. அதோடு 1550-இல் தண்ணீர் ஒளியை உறிஞ்சுகிறது. 850 நானோமீட்டரில் மாக்-செண்டர் இன்டர்ஃபெரோமீட்டர் (இரண்டு ஒளிப்பாதைகளை ஒப்பிடும் சென்சார்) என்றால் அந்தப் பிரச்சினையே இல்லை.

---

ஒளிவழி_செல்வி:

சுந்தர், தண்ணீர் விஷயத்தில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. 1550-இல் தண்ணீர் ஒரு சென்டிமீட்டருக்கு 47 டெசிபெல் அளவுக்கு உறிஞ்சும், 1310-இல் 5, 6 டெசிபெல், 850-இல் 0.2 மட்டுமே. ரவியின் ரிங்கில் கியூ 20,000-இல் நிற்பதற்கு ஒரு காரணம் அதுதான். அடுத்த சிப்பை வரைபவர்கள் 850-ஐயோ 1310-ஐயோ எடுப்பது நல்லது. ஆனால் கையில் இருக்கும் சிப்பில் 100 பிகோமீட்டர் சிக்னலைப் பார்க்க இந்தக் கியூ தாராளம். மாக்-செண்டரில் வெளியீடு சைன் வளைவு என்பதால் உச்சியிலும் பள்ளத்திலும் உணர்திறன் விழும், மூன்று வெளியீட்டு முனையோ கட்ட மாடுலேஷனோ வேண்டும். இறுதியாண்டுத் திட்டத்தின் நடுவில் மாற்றும் விஷயம் அல்ல.

அப்டமர் பற்றி ஒத்துக்கொள்ள முடியவில்லை. நீங்கள் சொல்லும் அந்த 36 பேஸ் அப்டமரின் கேடி 200 நானோமோலார். மணியின் கரைசலில் நச்சு 7. நிரம்பும் பங்கு 3.5 சதவீதம். பத்தியில் இன்னும் முப்பது மடங்கு திரட்டினால்தான் பாதியாவது நிரம்பும். அது மடங்க 20 மில்லிமோலார் கால்சியம் வேண்டும். அந்தக் கால்சியம் மாதிரிக்கும் பஃபருக்கும் துல்லியமாக ஒன்றாக இல்லாவிட்டால் வரும் குதி, வடிவ மாற்றத்தின் சிக்னலை மூழ்கடித்துவிடும். பாஸ்பேட் பஃபரில் கால்சியம் வீழ்படிவாகும், ஆகவே ட்ரிஸ்ஸுக்கு மாற வேண்டும். மைக்ரோமோலார் அளவில் தேடும் வேலைக்கு அப்டமர் நல்ல கருவி. இந்த வரம்புக்கு அது எட்டாது.

---

கிளமெண்டி_ரவி:

நன்றாகப் புரிகிறது அக்கா. ஏர்கான் அலை மட்டும் மிச்சம். சிப்பின் அடியில் பெல்டியர் (மின்சாரத்தால் குளிர்விக்கவோ சூடாக்கவோ முடியும் தகடு) வைத்து 18 டிகிரியில் நிறுத்தலாம் என்று நினைத்தோம். ரெஃபரன்ஸ் ரிங் எப்படி வைப்பது, பிடிஎம்எஸ் சரிதானா என்பதையும் சொல்லிவிடுங்கள்.

---

ஒளிவழி_செல்வி:

18 வேண்டவே வேண்டாம். நம் ஊர் ஈரப்பதத்தில் ஏர்கான் அறையிலும் பனிநிலை 15, 16 டிகிரி வரை வரும். வார இறுதியில் ஏர்கான் நின்றால் 24-ஐத் தொடும், ஒளியைச் சிப்புக்குள் விடும் கிரேட்டிங் கப்ளர் மேல் நீர்த்துளி படியும். 28 டிகிரியில் வையுங்கள். அறையைவிடச் சூடு என்பதால் பனி படியாது, பெல்டியருக்கும் ஒரே திசையில் வேலை.

ஆனால் சூடாக வைத்தால் இன்னொரு தொல்லை வரும்: 23 டிகிரியில் காற்று கரைந்திருக்கும் பஃபர் 28-க்கு வந்ததும் தடத்துக்குள் குமிழி விடும். ரிங் மேல் ஒரு குமிழி உட்கார்ந்தால் நகர்வு பல நானோமீட்டர், ரிங்கைத் தேட வேண்டியிருக்கும். பஃபரை 35 டிகிரியில் 20 நிமிடம் வெற்றிடத்தில் காற்று நீக்கிப் பயன்படுத்துங்கள். குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததை நேரடியாக விடாதீர்கள். சிப்புக்கு முன் குழாயின் 20 சென்டிமீட்டரை அதே செப்புத் தகட்டில் ஒட்டி வைத்தால் திரவமும் 28-க்கு வந்துதான் உள்ளே போகும். 10 கிலோஓம் தெர்மிஸ்டரைத் தகட்டின் ஓரத்தில் இல்லாமல் சிப்புக்கு மிக அருகில், வெப்பப் பசையோடு பதியுங்கள். தெர்மிஸ்டர், பெல்டியர், பவர் சப்ளை எல்லாம் சிம் லிம் டவர் மின்னணுக் கடைகளிலேயே கிடைக்கும். கட்டுப்பாட்டுப் பலகையை மட்டும் மலிவான ஆன்-ஆஃப் வகையில் வாங்காமல் பிஐடி (சூட்டைச் சிறிது சிறிதாகத் திருத்தும் முறை) உள்ளதாகப் பாருங்கள். ஆன்-ஆஃப் வகை, ஏர்கான் அலைக்குப் பதிலாகத் தன் அலையைத் தரும்.

மிச்சமாகும் சிறு அலையை ரெஃபரன்ஸ் ரிங் கழித்துவிடும். உங்கள் சிப்பில் நான்கு ரிங் இருப்பதால் இரண்டில் நச்சுக்கோவை, இரண்டில் அதே புரதம் நச்சு இல்லாமல். வெற்று ரிங்கை ரெஃபரன்ஸாக வைத்தால் வெப்பத்தைக் கழிக்கும், கோப்பிப் பொருள்கள் சும்மா ஒட்டுவதைக் கழிக்காது. பூசும்போது இரண்டு ஜோடிக்கும் தனித்தனித் தடம் வழியாகப் புரதத்தை ஓட்டிப் பூசி, பிறகு தடத்தைக் கழற்றி நான்கையும் சேர்த்துப் போகும் ஒரே தடத்தைப் பொருத்துங்கள். இரண்டு ரிங்கும் ஒரே உணர்திறனில் இருக்காது. பஃபரில் 10 மில்லிமோலார் உப்பு கூட்டி ஒரு முறை ஓட்டி, இரண்டின் நகர்வு விகிதத்தை எடுத்து அதால் பெருக்கிய பிறகு கழியுங்கள். லேசரின் அலைநீளத் தடுமாற்றமும் இதிலேயே போய்விடும், அலைநீளத்தைச் சரிபார்க்கத் தனிக் கேஸ் செல் தேவையில்லை.

பிடிஎம்எஸ் கொழுப்பு விரும்பும் சிறு மூலக்கூறுகளை உறிஞ்சும். ஓக்ராடாக்சின் பிஎச் 7.4-இல் பெரும்பாலும் அயனியாக இருப்பதால் ஓரளவு தப்பிக்கிறது. கார்பாக்சிலின் பிகேஏ 4.4. அதனால் அமிலத்தில் உள்ள நச்சுக் கரைசலைப் பிடிஎம்எஸ் வழியாக ஓட்டாதீர்கள், உள்ளே போய் அடுத்த மாதிரியில் கசியும். போட்டி முறையில் நச்சு ஏற்கெனவே ஆன்டிபாடியில் பிடிபட்டிருப்பதால் ஆபத்து இன்னும் குறைவு. முடிந்தால் இருபக்க ஒட்டுத் தாளை லேசரில் வெட்டித் தடம் செய்து, மேலே சிஓசி பிளாஸ்டிக் தகடு வையுங்கள். குழாய்க்கு பீக் பிளாஸ்டிக் அல்லது டெஃப்லான்.

ஒரு சுற்று இப்படிப் போகட்டும்: பஃபர் 2 நிமிடம், கலவை 3 நிமிடம், பஃபர் 1 நிமிடம், பிஎச் 2.0 உள்ள 10 மில்லிமோலார் கிளைசின்-ஹைட்ரோகுளோரிக் அமிலம் 1 நிமிடம், பஃபர் 3 நிமிடம். கிளைசினுக்குப் பிறகு பேஸ்லைன் பழைய இடத்துக்கு வராமல் ஒவ்வொரு சுற்றிலும் ஏறினால் ஆன்டிபாடி மிச்சம் ஒட்டியிருக்கிறது, பிஎச்-ஐ 1.7-க்கு இறக்குங்கள். கீழே இறங்கினால் பூச்சு கழல்கிறது. சோடியம் ஹைட்ராக்சைடு சிலேனை அரிக்கும், கடைசி வழியாக மட்டும். எட்டு மாதிரிக்கு ஒரு முறை நச்சில்லாத தரத்தை ஓட்டுங்கள். அதன் சரிவு முதல் நாளில் இருந்ததைவிட 15 சதவீதம் குறைந்தால் அளவுக்கோட்டைத் திரும்ப எடுக்க வேண்டும்.

---

உணவாய்வு_மணி:

மாதிரிகளை ஓட்டத் தொடங்கும் முன் ஒரு சோதனை: நச்சில்லாத கோப்பிப் பொடியில் கிலோவுக்கு 3 மைக்ரோகிராம் அளவுக்கு நச்சைச் சேர்த்து, கரைப்பான் ஆவியாக அரை மணி விட்டு, முழுச் செய்முறையையும் மூன்று தனித்தனிப் பத்தியில் செய்து மீட்பைப் பாருங்கள். 70 சதவீதத்துக்குக் கீழே வந்தால் சிப்பைத் தொடாதீர்கள். பத்தியிலிருந்து வழிந்த நீரையும், வடிதாளில் தங்கிய பொடியையும் பாருங்கள். 120-க்கு மேல் வந்தால் உலர்த்திய பின் கரைத்த திரவத்தின் அளவு குறைந்திருக்கிறது, அல்லது பொடியில் முன்பே நச்சு இருந்திருக்கிறது.

வரம்பைத் தாண்டுவதாகச் சென்சார் காட்டும் மாதிரியை எல்சி-எம்எஸ் வசதியுள்ள ஆய்வகத்தில் உறுதி செய்த பிறகே அறிக்கையில் எழுதுங்கள். பத்தியில் இறக்கிய மெத்தனாலில் பாதியை அதற்காக மைனஸ் 20 டிகிரியில், பழுப்புக் குப்பியில் எடுத்து வையுங்கள். அப்படி எடுத்தால் சிப்புக்குப் போகும் பாதியை 1 மில்லிலிட்டர் ஆக்காமல் அரை மில்லிலிட்டரில் கரையுங்கள், இல்லையென்றால் செல்வியின் வளைவில் வரம்பு நடுவிலிருந்து நகர்ந்துவிடும்.